அம்மன் வளர்ந்த வருடம்

எங்கள் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் லொறி ஒன்று பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டால், கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு நான் ஜன்னலுக்குப் போய்விடுவேன். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் லொறிக்கா பஞ்சம் என்று மருமகள் சிரிப்பாள். பஞ்சமில்லைதான். ஆனால் நான் பார்க்கப் போவது லொறியை அல்ல. அதற்குப் பின்னால் நின்று, இரண்டு பக்கத்துச் சுவரையும் மாறி மாறிப் பார்த்து, "வரட்டும், வரட்டும், ஹரி ஹரி, வரட்டும்" என்று தமிழும் சிங்களமுமாகக் கத்திக்கொண்டே பின்னுக்கு நடக்கிற கிளீனரைத்தான். என் மாமா அந்த வேலைதான் செய்தார். அம்மாவின் தம்பி அவர்.

இந்த முறை மழைக்கு மலைநாடு முழுக்கச் சரிந்து கிடப்பதை டீவியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். மேல் வீட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளை படியிறங்கி வந்து, "அம்மா, உங்கட ஊர்ப் பக்கமும் காட்டினவங்களே? சனங்கள் சரியான பாவம்" என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு நாலு பேரோடு கதைக்க வராது. இப்படி எழுதுவது கொஞ்சம் சுகமாக இருக்கிறது. யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

ஊரில் இருக்கிற தம்பி போன் எடுத்தான். "அக்கா, நம்ம பெரிய முடக்கு திரும்பப் போயிருச்சு" என்றான். முடக்கு என்றால் ரோட்டு மடங்கித் திரும்புகிற இடம். கொஞ்ச நாள் போய் மறுபடியும் எடுத்தான். "அக்கா, ரோட்டு வெட்டுறாங்க. மெசின் வந்திருக்கு. நம்ம ஆளுகளும் எறங்கி நிக்கிறோம். மேல இருந்த மண்ணுதான் போச்சு. அடியில அந்தக் காலத்துக் கல்லுக்கட்டு அசையாம இருக்கு. அதுக்கு மேலயே கட்டிரலாம்னு மெசின்காரப் பொடியன் சொல்றான்."

அந்தக் கல்லுக்கட்டைக் கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரண்டு கணக்கு இருந்தது. கணக்கு என்று தோட்டத்தின் ஒரு பிரிவைச் சொல்லுவோம். மேலே இருந்தது மேக்கணக்கு. கீழே இருந்தது பணியக்கணக்கு. நாங்கள் மேக்கணக்கு லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எங்களிடமிருந்து இறங்குகிற ரோட்டு, பெரிய முடக்கைச் சுற்றி, பணியக்கணக்கைத் தாண்டி, டவுனுக்குப் போகும். அந்த ஒரு ரோட்டுத்தான். கார்த்திகை மழையில் ஒரு விடியற்காலை மலை சரிந்து அந்த முடக்கை அள்ளிக்கொண்டு போய்விட்டது. போய்ப் பார்த்தோம். யாரோ ஒரு பெரிய வாய் கடித்து மீதி வைத்த ரொட்டியைப் போல ரோட்டு நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஆடு மட்டும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கத்தியது.

எங்கள் பள்ளிக்கூடத்து மாஸ்டர் டவுனிலிருந்து சைக்கிளில் வருகிறவர். இரண்டு மூன்று நாள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சேற்றில் ஏறி வந்தார். பிறகு வரவில்லை. பிள்ளைகள் எங்களுக்கு மலை செய்த உபகாரம் மறக்க முடியாததாக இருந்தது.

பெரியவர்களுக்கு அப்படி இல்லை. அரிசி, மாவு எல்லாம் தலையில் வந்தது. தோட்டத்துக்கு மட்டும் கஷ்டமில்லை. கொழுந்துச் சாக்கைக் கம்பியில் மாட்டிவிட்டால் அது பறவை மாதிரி பள்ளத்தைத் தாண்டி தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போய்விடும். கொழுந்துக்குக் கம்பி இருந்தது. எங்களுக்குத்தான் ரோட்டு வேண்டும். தோட்ட ஆபீசில் கேட்டால் அது டவுன் சபைக்குச் சொந்தமான ரோட்டு என்றார்கள். சபையில் கேட்டால் அது தோட்டத்துக்குச் சொந்தமான ரோட்டு என்றார்கள். ஒரு சொத்தை இரண்டு பேர் இவ்வளவு பெருந்தன்மையாக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

ஆட்கள் சரிவின் மேல் பக்கமாக ஒரு ஒற்றையடித் தடம் வெட்டிக்கொண்டார்கள். ஒருவர் பின் ஒருவராக, மலையோடு ஒட்டிக்கொண்டு போகலாம். தை பிறந்தும் அப்படித்தான் கிடந்தது. பழகிவிட்டது.

அம்மா அப்போது பிள்ளை உண்டாகியிருந்தார். எனக்கு அடுத்ததாகப் பிறந்தது லயத்திலேயே பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. அது எனக்கு ஒரு துணி மூட்டையாக மட்டும் ஞாபகம் இருக்கிறது. இந்த முறை தோட்டத்து மிட்வைஃப் அம்மா வந்து பார்த்து, அப்பாவை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "இத வீட்டில வச்சிப் பார்க்க ஏலாது. நாள் நெருங்கினதும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரணும். கம்பளியில கட்டித் தூக்கிட்டு அந்த வழுக்கல்ல போறதெல்லாம் வேணாம். லொறியில ஒக்கார வச்சி மெதுவா கொண்டு போங்க. இல்லாட்டி ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல."

அப்பா அதிகம் பேசாத ஆள். ஆபீசுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்து அம்மாவிடம் சொன்னார். "பாத இருந்தா லொறி தாறேன்னு சொல்றாங்க."

அம்மா அடுப்பை ஊதினார்.

மாசி பிறந்ததும், மாதக் கடைசியில் வரும் கோயில் திருவிழாவுக்கென்று மாமா முன்கூட்டியே வந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு லொறி முதலாளியிடம் கிளீனராக இருந்தார் அவர். காற்சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். பேச ஆரம்பித்தால் கொழும்பு முழுக்க எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்துவிடும். ஆமர் வீதியில் லொறி திருப்புகிற கதை, பேலியகொடைப் பாலத்தில் மாட்டின கதை. அந்த முறை அவர் முடக்கைத் தாண்டி, முழங்கால் வரைக்கும் சேறோடு வந்து அம்மாவைப் பார்த்ததும், கதை ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் நான் கோழியைத் தேடுகிற மாதிரி வாசலில் நின்று கேட்டேன்.

"நான் போயி எல்லாரையும் கூப்புடுறேன் அக்கா. ரெண்டு கணக்கும் எறங்கினா எத்தன நாள் வேல? ஒனக்காகன்னு சொன்னா வராமப் போயிருவாங்களா?"

"வேணாம் தம்பி. எம் பேரச் சொல்லி ஒருத்தரையும் கூப்புடாத. போன தடவையே வாயில போட்டு மென்னுட்டாங்க. ராசி இல்லாதவன்னு என் காதுல விழவே சொன்னாங்க. இப்ப இத்தன பேரு எனக்காகக் கல்லுத் தூக்கி, கடைசில புள்ளையும் இல்லன்னு ஆயிட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவேன்?"

மாமா கொஞ்ச நேரம் சீப்பை எடுத்து எடுத்துப் பையில் போட்டார்.

"சரிக்கா. ஒம் பேரச் சொல்லல."

எனக்கு விளங்கினது இவ்வளவுதான்: அம்மாவின் பேரை யாரும் சொல்லக் கூடாது. அதுவும் சரிதான் என்று பட்டது. அந்தப் பேரைப் பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது கணக்கப்பிள்ளை கத்துவதைத் தவிர, வேறு யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் கோயில் முன்னால் கூட்டம். எங்கள் அம்மன் கோயில் மேக்கணக்கில் இருந்தது. வருடா வருடம் தேர் புறப்பட்டு, பெரிய முடக்கைச் சுற்றி இறங்கி, பணியக்கணக்கு லயத்துக்கெல்லாம் போய்த் திரும்பி வரும். அங்கே ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர் தெளித்துத் தேங்காய் உடைப்பார்கள். கோயில் தலைவர் எழும்பி, இந்த வருடம் ரோட்டு இல்லாதபடியால் தேர் மேக்கணக்கோடு நின்றுவிடும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மாமா மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு பணியக்கணக்குக்கு இறங்கினார். அங்கே பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம், யாரோ செத்துப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"இந்த வருசம் சாமி ஒங்க பக்கம் வராதாம். நான் கேட்டேன், ரோட்டப் போட்டா வரும்தானேன்னு. அதுக்கு நம்ம ஆளுக சொல்றாங்க, பணியக்கணக்கு கைக்குக் கொழுந்துதான் வரும், கல்லு வராதுன்னு. எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு."

"யாரு சொன்னா?" என்று ஒரு அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். "எங்க கைக்குக் கல்லு வராதாமா? வரட்டும் அந்த மேக்கணக்கு. தலையில போட்டுக் காட்டுறோம்!"

திரும்பி மேலே வந்து எங்கள் ஆட்களிடம், அதே முகத்தோடு: "பணியக்கணக்குல தாங்களே ரோட்டப் போட்டு, தேர இழுத்துக்கிட்டுப் போறதாப் பேசிக்கிறாங்க. போன தேரு திரும்பி வருமோ, இல்ல அங்கயே ஒரு கொட்டகை போட்டு வச்சிக்கிருவாங்களோ, அது அவங்க மனசப் பொறுத்தது."

மேக்கணக்கு கொதித்தது.

நான் இரண்டு இடத்திலும் கூடவே நின்றேன். மாமா சொன்னதை எவரும் சொல்லி நான் கேட்கவில்லை. வரும் வழியில் கேட்டேன், "அவங்க எப்ப மாமா அப்புடிச் சொன்னாங்க?"

"நெனச்சிருப்பாங்க புள்ள. நெனச்சா சொன்ன மாதிரித்தான்."

ரோட்டு எவ்வளவு அகலம் வேண்டும் என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். மாமா ஓடைக்குப் போய் ஒரு மூங்கிலை வெட்டினார். அதை அளந்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஓடைக்கரையில் நின்று, இரண்டு கையையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி இரண்டு எட்டுப் பின்னுக்கு நடந்தார். தலையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் சாய்த்தார். அம்மனைக் கும்பிடுகிறார் என்று நானும் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். பிறகு கண்ணைத் திறந்து, மூங்கிலில் ஒரு வெட்டுப் போட்டார். "இதான் தேரோட அளவு. பக்கத்துல வடம் பிடிக்கிறவங்க நிக்கவும் எடம் வேணுமே" என்று எல்லோரிடமும் சொன்னார்.

எனக்கு வேலை இல்லாத கை. ஆட்கள் போனதும் அந்த மூங்கிலை இழுத்துக்கொண்டு தேர்க் கொட்டகைக்குப் போனேன். தேர்ச் சக்கரத்தில் சில்லுக்குச் சில்லு வைத்துப் பார்த்தேன். மூங்கில் இரண்டு பக்கமும் என் கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றது. ஓடி வந்து சொன்னேன்.

மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். குனிந்து என் காதுக்குள் சொன்னார். "சாமி வளருதுல்ல புள்ள. நீ போன வருசம் போட்ட சட்ட இப்ப ஒனக்குப் பத்துதா? அம்மன் மட்டும் அப்புடியே இருப்பாளா? சாமிக்கு ரோட்டுப் போட்டா வளர்ச்சிக்கும் சேத்துத்தான் போடணும். இத யாருகிட்டயும் சொல்லாத."

எனக்கு அது முழுக்க நியாயமாக இருந்தது.

வேலை தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை முழு நாளும், மற்ற நாளில் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்து இருட்டும் வரைக்கும். மேக்கணக்கு மேலே இருந்து, பணியக்கணக்கு கீழே இருந்து. முதலில் சரிவின் அடியில் பாறை தட்டும்வரை தோண்டி, பெரிய கல்லாகப் பார்த்து அடுக்கினார்கள். அதற்கு மேலே சின்னக் கல், அதற்கு மேலே மண். மலைப் பக்கமாகத் தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்கள். கல்லைப் பெயர்க்கிற அலவாங்குச் சத்தத்தை விட வாய்ச் சத்தம்தான் அதிகம்.

"ஏய் மேக்கணக்கு, என்னா அது? கோழி கெளறுன மாதிரி இருக்கு!"

"ஒங்க கல்லு ஏன்டா ஆடுது? பல்லு விழப்போற மாதிரி?"

"ஆடல. ஒங்களப் பார்த்துத் தலையாட்டுது, பாவம்னு!"

கல்லுக்கு எங்கள் லயத்துக்கு மேலே இருந்த ஓடைக்குத்தான் போக வேண்டும். பெண்கள் வரிசையாகக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் இஸ்தோப்பைத் தாண்டி இறங்குவார்கள். தூரத்தில் வரும்போது ஒரே கலகலப்பாக இருக்கும். எங்கள் வாசல் வந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். அம்மா வயிற்றைக் கம்பளியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருத்தி கூடத் திரும்பிப் பார்க்க மாட்டாள். நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். வாசலைத் தாண்டினதும் மறுபடியும் சிரிப்புக் கேட்கும். அம்மாவோடு கோபம் போல, என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் எல்லோர் மேலும் எனக்கும் கோபம் வந்தது.

திருவிழா நெருங்கும்போது, காலம் தப்பி ஒரு மழை பெய்தது. ஒரு ராத்திரிதான். காலையில் பார்த்தால் மேலே போட்ட மண் பாதி கரைந்து கீழே கிடந்தது. கல்லுக்கட்டு மட்டும் நின்றது. ஆட்கள் சேற்றைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கையை வைத்து நின்றார்கள். வாய்ச் சண்டை போடக்கூட ஒருத்தருக்கும் தெம்பில்லை. மறுபடியும் மண் அள்ளினார்கள். மூங்கிலைப் போட்டுப் பார்த்தால் இன்னும் இரண்டு முழம் காணாது. உள்பக்கம் மலையை வெட்ட வேண்டும். வெளிப்பக்கம் கல்லுக்கட்டை அகலமாக்க வேண்டும்.

அப்போதுதான் ஆசாரி மூங்கிலைக் கையில் எடுத்தார். பணியக்கணக்கு ஆள். எங்கள் தேரைச் செய்ததே அவர்தான். வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு மூங்கிலை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரு அளந்தது? தேரு நான் செஞ்ச தேரு. அதுக்கு எதுக்கு இம்புட்டு அகலம்? இப்ப இருக்கிறதே தாராளமாப் போதும்."

அவ்வளவுதான். அலவாங்கெல்லாம் கீழே விழுந்தது. ஆட்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். கோயில் தலைவர், "போதும்னா விடுங்கப்பா, ஒடம்பு என்னா இரும்பா?" என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். ஊர் முழுக்கப் பேசித் தீர்க்கிற மாமா பையில் சீப்பைத் தேடினார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் அன்றைக்குத்தான் முதல்தரம் பார்த்தேன்.

எனக்குத் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று மாமா சொன்னது ஞாபகம் வருவதற்கு முன்னால் கத்திவிட்டேன்.

"அம்மன் வளர்றாங்க!"

வாய் திறக்காத பிள்ளை என்று பேர் எடுத்தவள் நான். பெரியவர்கள் பேர் கேட்டாலே அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிகிறவள். அப்படிப்பட்டவள் அத்தனை பேர் நடுவில் நின்று கத்தினால் எப்படி இருக்கும்? முடக்கு முழுவதும் என் பக்கம் திரும்பியது. பயத்தில் எனக்கு உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்தவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள்.

குடத்தை இறக்கின அந்தப் பணியக்கணக்கு அம்மாதான் முதலில் கையைத் தூக்கிக் கும்பிட்டார். "கேட்டீங்களா? பச்சப்புள்ள வாயில வந்து பேசுறா! நடுங்குது பாருங்க புள்ள!"

யாரோ முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீறை அள்ளி என் நெற்றி முழுக்கப் பூசினார்கள். கண்ணுக்குள்ளும் விழுந்தது. இன்னொரு பெண் என் காலைத் தொட வந்தாள். நான் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

ஆசாரி மட்டும் கும்பிடவில்லை. என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கையில் இருந்த மூங்கிலைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேலே, எங்கள் லயத்தைப் பார்த்தார். அங்கே இஸ்தோப்பில் அம்மா ஒரு கையை இடுப்புக்குக் கொடுத்துக்கொண்டு எழும்பி நின்றது முடக்கிலிருந்து தெரிந்தது. ஆசாரி வெற்றிலையைத் துப்பினார்.

"அப்ப அளவு சரிதான். எனக்குத்தான் மறந்துபோச்சு. வெட்டுங்கய்யா."

சொல்லிவிட்டு மூங்கிலை மலையோடு சாத்தி வைத்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். அம்மனுக்குப் பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

திருவிழாவுக்குத் தேர் வந்தது. தப்பு மேளம் முழங்க, பெரிய முடக்கில் திரும்பியது. ரோட்டின் நடுவில் தேர், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்ட சின்னப் பிள்ளையைப் போல இருந்தது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் கைகோத்து ஆடிக்கொண்டு போக இடமிருந்தது. தலைவர் ஓரத்தைப் பார்த்து, "ரோட்டு ரொம்பத்தான் பெரிசாப் போயிருச்சோ?" என்றார். ஆசாரி, "அதுக்கென்னா, அடுத்த வருசம் சரியாயிரும். வளருதுல்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மாமா லீவு முடிந்தும் கொழும்புக்குப் போகவில்லை. அப்பா மறுபடியும் ஆபீசுக்குப் போனார். இந்த முறை கையைக் கட்டவில்லையாம். "பாத இருக்குங்க" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு காலையில் லொறி வந்தது. அம்மாவை அப்பாவும் மிட்வைஃப் அம்மாவும் பிடித்து முன் சீட்டில் ஏற்றினார்கள். என்னை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். நான் குறுக்கு வழியால் முடக்குக்கு ஓடினேன். மாமா லொறிக்கு முன்னால், லொறியைப் பார்த்தபடி, கையை விரித்துக்கொண்டு பின்னுக்கு நடந்து வந்தார். "வரட்டும், வரட்டும், மெதுவா, ஹரி, வரட்டும்." தலை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் சாய்ந்தது. வெளிப்பக்கச் சில்லு கல்லுக்கட்டின் ஓரத்தில் உருண்டது. உள்பக்கச் சில்லு கானின் ஓரத்தில் உருண்டது. ஒரு சாணும் மிச்சமில்லை.

முடக்கின் அந்தப் பக்கத்தில் பணியக்கணக்கு முழுவதும் நின்றது. இந்தப் பக்கத்தில் எங்கள் ஆட்கள். வேலை நாள் அது. லொறி தாண்டியதும் குடத்து அம்மா முன்னால் வந்து, சில்லுக்கு முன்னால் ஒரு தேங்காயை ஓங்கி உடைத்தார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மா உள்ளே முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதார்.

எனக்கு ஒரே சிரிப்பு. தேர் போய் எத்தனை நாளாகிவிட்டது. இந்தப் பெரியவர்கள் லொறியைத் தேர் என்று நினைத்துக் கும்பிடுகிறார்களே!

அம்மா திரும்பி வரும்போதும் அதே லொறியில்தான் வந்தார். மடியில் தம்பி இருந்தான். இப்போது முடக்கில் மெசினோடு நிற்கிறானே, அவன்தான். அவனுக்கும் அந்தக் கல்லுக்கட்டுக்கும் ஒரே வயது. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன.

மாமா பார்த்த மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு நான் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். வந்த புதிதில் ஒருநாள் இதே ஜன்னலில் நின்று பார்க்கிறேன். ஒரு கிளீனர் பொடியன் ஒழுங்கை வாசலில் நின்று, லொறியை விடுவதற்கு முன்னால் கையை விரித்து, கண்ணை மூடி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தான். ஓடைக்கரையில் நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. மாமா அன்றைக்கு அம்மனை நினைக்கவில்லை. லொறியைத்தான் நினைத்திருக்கிறார்.

அன்றைக்கே மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவருக்கு அப்போதே முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. சீப்பு மட்டும் பையில் இருந்தது. சிரித்துக்கொண்டார்.

"ஊரையே ஏமாத்திட்டேன்னு நானும் நெனச்சிக்கிட்டுத்தான் இருந்தேன் புள்ள. அந்த அம்மா தேங்காய ஒடச்சாங்க பாரு, அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு."

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். தன் கையால் செய்த தேரின் அளவு ஒரு ஆசாரிக்கு மறக்குமா? நாள் நெருங்கிய பெண் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போது, கல்லுச் சுமந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? ராசி இல்லாதவள் என்று முன்னே சொன்ன வாய்களும் அந்த வரிசையில்தான் வந்திருக்கும். அம்மாவுக்காக என்று ஒருவர் கூட வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா தாங்கியிருக்க மாட்டார். சாமிக்காக என்று ஒரு பேச்சுத்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதை நான் கத்திக் கொடுத்தேன்.

அந்தப் பெண்கள் கல்லுக் கூடையோடு எங்கள் வாசல் வந்ததும் வாயை மூடி, நேரே பார்த்துக்கொண்டு போனார்களே. கழுத்து நரம்பு தெரிய, தலை அசையாமல். நான் இஸ்தோப்புத் தூணுக்குப் பின்னால் நின்று, எங்கள் அம்மாவோடு கோபமா, இருங்கள், பெரியவளானதும் உங்கள் ஒருத்தியோடும் பேச மாட்டேன் என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டிருந்தேன்.